திரி அண்ணை போட்ட ‘ஃபயர்’ உத்தரவு

உலகத்தில் இதுவரை நடந்த எல்லாப் போர்களிலும் தனிப்பட்ட முறையில் ஏமாற்றப்பட்ட ஒரே மனிதர் திரி அண்ணைதான். வென்றவர்களும் தோற்றவர்களும் மண்ணோடு மண்ணாகிப் பல காலம் ஆகிவிட்டது. அவர்கள் அத்தனை பேருடைய மனக்குறையையும் ஒற்றை ஆளாகச் சுமந்துகொண்டு தினமும் காலையில் லண்டன் நோர்பரியில் பஸ் ஏறுவார். வேலைக்கு வந்ததும் அதை என் தலையில் இறக்குவார். ஆறு வருஷம் இறக்கினார். இதற்காக இன்றுவரை யாரும் என்னிடம் மன்னிப்புக் கேட்கவில்லை.

எங்கள் வேலை ஒன்றும் பெரிய வேலை இல்லை. தேம்ஸுக்குத் தெற்கே ஒரு சின்னப் போர் மியூசியம். கறுப்புக் கோட்டு, கழுத்தில் பெயர் அட்டை, கூடத்தின் மூலையில் ஒரு நாற்காலி. பார்வையாளர்கள் எங்களிடம் கேட்பது இரண்டே கேள்விகள்: டாய்லெட் எங்கே, காபி எங்கே. இரண்டுக்கும் பதில் ஒன்றுதான், கீழே இறங்கி இடது பக்கம். திருச்சியில் எம்.ஏ. படித்துவிட்டு வந்த எனக்கு இந்த அளவு அறிவுப்பணி போதுமானதாக இருந்தது.

திரி அண்ணைக்குப் போதவில்லை. அவர் யாழ்ப்பாணத்துக்காரர். பாரிஸில் இருபது வருஷம் ஹோட்டல் சமையலறையில் நின்றுவிட்டு லண்டனுக்கு வந்தவர். அவரைக் கொண்டுபோய் மஸ்கட் கூடத்தில் உட்காரவைத்தார்கள். ஓமன் நாட்டு மஸ்கட் அல்ல. குழலின் வாய் வழியாக வெடிமருந்தையும் ஈயக் குண்டையும் திணித்து, எரிகிற திரியால் பற்றவைத்துச் சுடும் அந்தக் காலத்து நீளத் துப்பாக்கி. அதைத் தூக்கிய சிப்பாய்களின் பொம்மைகள் கூடம் முழுக்க நின்றன. முதல் நாள் அவரிடம் போய், “அண்ணே, இந்தத் துப்பாக்கி ரூம் பக்கத்துல சாப்பாட்டு டப்பா வைக்க இடம் இருக்கா?” என்று கேட்டேன்.

“துப்பாக்கி எண்டு சொல்லுறீர்” என்றார். “நாங்கள் துவக்கு எண்டுறம். ரெண்டும் துருக்கிக்காரன்ட சொல்லு. அவன்ட படை தோளில வைச்சுக்கொண்டு திரிஞ்ச சாமான். அதை உங்கட ஆக்களும் எங்கட ஆக்களும் தங்கட தமிழ்தான் திறமெண்டு சண்டை பிடிக்கினம். வெக்கமில்லையே.”

நான் யாரிடமும் சண்டை பிடிக்கவில்லை. டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன், அவ்வளவுதான்.

திரி என்ற பட்டப்பெயர் நான் வைத்தது. திரியின் இரண்டு முனையையும் சிப்பாய் ஏன் அணையாமல் எரிய விட்டான் என்பதை ஒரே வாரத்தில் நான்கு முறை சொன்னால் வேறு என்ன பெயர் வைப்பது? வெள்ளைக்காரச் சகாக்களின் காதில் அது ‘த்ரீ’ என்று விழுந்தது. ஒன்றும் இரண்டும் யார் என்று என்னிடம் ரகசியமாக விசாரித்தார்கள்.

ஒருநாள் ஒரு பெரியவர் அவரிடம் டாய்லெட் எங்கே என்று கேட்டார். அண்ணை வழியைக் காட்டக் கையை நீட்டினார். நீட்டிய கை, போகிற வழியில் ஒரு டச்சுச் சிப்பாய் பொம்மையின் மேல் பட்டுவிட்டது. அவ்வளவுதான். ஒரே ஒரு குண்டு சுட நாற்பதுக்கு மேற்பட்ட அசைவுகள் உண்டு என்று தொடங்கினார். திரியைக் கழற்ற வேண்டும், ஊத வேண்டும், துப்பாக்கியின் பக்கத்தில் உள்ள சின்னக் கிண்ணத்தில் வெடிமருந்து போட வேண்டும், மூட வேண்டும், மிச்சத்தைத் தட்ட வேண்டும். பெரியவரும் ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாறி மாறிப் பயிற்சி எடுத்துக்கொண்டிருந்தார். பதினெட்டாவது அசைவில் நான் தலையிட்டு அவரைக் காப்பாற்றினேன். அண்ணை ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. “விளங்கிக்கொண்டு வந்த மனுசனைக் கெடுத்துப்போட்டீர்” என்று கடைசியில் சொன்னார்.

அடுத்தது கீழ்த்தளத்துக் கடை. குழந்தைகளுக்கான ‘மஸ்கட்டியர் செட்’ என்று ஒரு பெட்டி விற்றார்கள். உள்ளே இறகு வைத்த தொப்பி, ஒட்டுமீசை, பிளாஸ்டிக் வாள். அண்ணை பெட்டியைத் திறந்து கவிழ்த்து உதறினார்.

“துவக்கு எங்க?”

கடைப்பெண் விழித்தாள்.

“மஸ்கட் தூக்கினபடியாத்தானே அவன் மஸ்கட்டியர். துவக்கைப் பறிச்சுப்போட்டு மீசையைக் குடுத்திருக்கிறியள். பாரிசிலயும் இதே கூத்துத்தான். இருபது வருசம் பொறுத்தனான். இங்கயும் பொறுக்கேலாது.”

எனக்குச் சொன்னது தமிழில். கடைப்பெண்ணுக்கு இதையே ஆங்கிலத்தில் சுருக்கி, “குழந்தைகளுக்கு ஏன் துப்பாக்கி கொடுக்கவில்லை?” என்று கேட்டார். லண்டனில், ஒரு மியூசியத்தில், சீருடை போட்ட ஊழியர் இப்படிக் கேட்டால் என்ன ஆகும்? புகார்க் கடிதம் ஆகும். முதல் எச்சரிக்கை வந்தது. மொழிபெயர்த்துக் காப்பாற்றாத குற்றத்துக்காக எனக்கும் ஒரு முறைப்பு கிடைத்தது.

மழை பெய்தால் இன்னும் மோசம். இந்த ஊரில் மழை பெய்யாத நாள் ஏது? மதிய உணவின்போது ஜன்னலைப் பார்த்துப் பொருமுவார். “இந்த மழைக்க திரி நிக்குமே? மருந்து நனைஞ்சால் கையில இருக்கிறது வெறும் தடி. ஜப்பான்காரன் கெட்டிக்காரன், துவக்குக்கு மேல பெட்டி மாதிரி ஒரு மூடி செய்து போட்டவன். ரஷ்யாக்காரன் கோடரியைக் குத்தி நிறுத்தி, அதுக்கு மேல துவக்கை வைச்சுச் சுட்டவன். சுவீடன்காரன்ட கதை வேற.” சுவீடன்காரன் கதை முடிவதற்குள் என் இட்லி கல்லாகிவிடும். நானூறு வருஷத்துக்கு முன்னால் நனைந்தவர்களுக்காக ஒரு மனிதர் தினமும் சோறு இறங்காமல் உட்கார்ந்திருந்தால், எதிரே இருப்பவன் மட்டும் எப்படி நிம்மதியாகச் சாப்பிடுவது?

இதெல்லாம் சில்லறைத் தொல்லை. பெரிய தொல்லை போன வருஷம் வந்தது. மஸ்கட் கூடத்தைப் புதுப்பித்து, பல நாட்டுப் படைகளின் துப்பாக்கிகளையும் வரிசையாக வைத்தார்கள். கடைசிப் பெட்டியில், இலங்கையிலிருந்து வந்த ஒரு திரித் துவக்கு. கட்டை முழுக்க யானைத்தந்த வேலைப்பாடு, வெள்ளிப் பூ. பக்கத்தில் விளக்க அட்டை. அதில், ‘ஐரோப்பிய மஸ்கட்டைப் பார்த்து உள்ளூர்வாசிகள் செய்த கரடுமுரடான நகல்’ என்று எழுதியிருந்தது.

அண்ணை அதைப் படித்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். அன்று முழுக்க டாய்லெட் கேட்டவர்களுக்குக் கையை மட்டும் நீட்டினார், ஒரு பொம்மையைக்கூட விளக்கவில்லை. ஆறு வருஷத்தில் நான் பயந்த நாள் அது ஒன்றுதான்.

மறுநாளிலிருந்து நிர்வாகத்துக்குக் கடிதம். ‘ஐயா, வெட்கம்’ என்று தொடங்கிய முதல் கடிதத்தை நான்தான் மனிதர்கள் எழுதுகிற மாதிரி திருத்திக் கொடுத்தேன். போர்த்துக்கீசரே நம் கொல்லர்களின் குழலை மெச்சியிருக்கிறார்கள் என்று ஆதாரத்தோடு எழுதினார். நான்கு கடிதம் போனது. பதில் இல்லை. அட்டையை எழுதிய பொறுப்பாளர் அம்மாள் அவரைத் தாண்டிப் போகும்போது புன்னகைத்தார், அவ்வளவுதான். எனக்கே எரிச்சல் வந்தது. நாற்காலியில் உட்கார்ந்திருப்பவன் எழுதியது என்பதாலேயே ஒரு கடிதம் கடிதமில்லாமல் போய்விடுமா?

திறப்பு விழா அன்று சுமார் நூறு விருந்தினர்கள், கையில் ஒயின் கிளாஸ். பொறுப்பாளர் அம்மாள் ஒவ்வொரு பெட்டியாக விளக்கிக்கொண்டு வந்து கடைசிப் பெட்டியில் அந்த அட்டையை வாசித்தார். மூலையில் ஒரு கை உயர்ந்தது.

“மேடம், அது பொய்” என்றார் அண்ணை ஆங்கிலத்தில்.

யாரோ ஒரு விருந்தினர், பாவம், நல்ல மனதோடு, “இதை எப்படிச் சுடுவார்கள், காட்ட முடியுமா?” என்று கேட்டுத் தொலைத்தார். அதற்காகவே பிறந்தவரிடம் கேட்டால்?

அண்ணை என் குடையை வாங்கிக்கொண்டார். மருந்து போட்டார், குண்டு போட்டார், கம்பியால் குத்தினார், திரியை ஊதினார். உண்மையைச் சொல்லத்தான் வேண்டும், குடை மறைந்துவிட்டது. ஐம்பத்தெட்டு வயதுக்காரர் ஒருவர் மழை கொட்டும் காட்டில் தனியாக நிற்பதைத்தான் எல்லோரும் பார்த்தார்கள். ஒயின் கிளாஸ்கள் அசையவில்லை. கடைசியில் குடையைத் தோளில் ஏற்றி, அந்தக் காலத்து உத்தரவைத் தொண்டை கிழியப் போட்டார்.

“கிவ் ஃபயர்.”

அடுத்த கூடத்தில் இருந்தவர்களுக்கு ‘ஃபயர்’ மட்டும் கேட்டது. யாரோ ஒரு பொறுப்புள்ள குடிமகன் சுவரில் இருந்த கண்ணாடிப் பொத்தானை உடைத்தார். அலாரம் அலறியது, கதவுகள் திறந்தன. நூறு விருந்தினர்களும் கோட்டு எடுக்க நேரமில்லாமல் தெருவுக்கு வந்து நின்றார்கள். நல்ல மழை. தீயணைப்பு வண்டி வரும்வரை நின்றார்கள். அண்ணை அவர்களை ஒரு பார்வை பார்த்துவிட்டு என்னிடம் சொன்னார்: “இப்ப எல்லாருக்கும் விளங்கியிருக்கும்.”

விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். துணைக்கு ஒரு சக ஊழியரை அழைத்துவரலாம் என்பது விதி. யாரைக் கூட்டிவந்திருப்பார் என்று சொல்லத் தேவையில்லை. வாசலில் உட்கார்ந்திருக்கும்போது படித்துப் படித்துச் சொன்னேன்.

“அண்ணே, ஸாரின்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. வேலை தப்பிச்சுடும். இந்த வயசுல வேற யாரு வேலை தருவாங்க?”

“அது ஏலாது.”

எனக்குக் கோபம் வந்துவிட்டது. ஆறு வருஷத்துக் கோபம். “துப்பாக்கிக்குப் பயந்துதானே ஊரையே விட்டு வந்தீங்க? அதுக்குப் போயி இப்படி உயிரை விடுறீங்களே?”

அவர் கழுத்தில் கிடந்த பெயர் அட்டையைக் கழற்றி மடியில் வைத்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

“ஓம், பயந்துதான் வந்தனான். இப்பவும் பயம்தான். கண்ணாடிக்குள்ள இருக்கிறபடியாத்தான் கிட்டப் போறன். தம்பி, நான் துவக்கைப் பாக்கேல்ல, அதைத் தூக்கினவனைப் பாக்கிறன். துருக்கிக்காரன், ஜப்பான்காரன், எங்கட ஊர்க்காரன், எல்லாரும் ஆரோ ஒரு தாய்க்குப் பிள்ளை. பசியோட நடந்து, மழைக்க நிண்டு, தன்ட மருந்திலயே கை எரிஞ்சு செத்தவன். ராசாவுக்குச் சிலை இருக்கு. இவனுக்கும், அந்தத் துவக்கைச் செய்த கொல்லனுக்கும் இருக்கிறது பெட்டிக்குப் பக்கத்தில ஒரு சின்ன மட்டை. அதிலயும் பொய் எழுதினால் நான் சும்மா இருக்கிறதோ?”

உள்ளே போனோம். அவர் ஸாரி சொன்னார். எல்லோரையும் நனையவிட்டதற்கு ஸாரி, அட்டையைப் பற்றிச் சொன்னதற்கு ஸாரி இல்லை என்று பிரித்துப் பிரித்துச் சொன்னார். நான் எழுந்து, நான்கு கடிதத்தின் நகலையும் மேஜையில் வைத்து, “இதில் ஒன்றுக்காவது பதில் போட்டிருந்தால் யாரும் நனைந்திருக்க மாட்டார்கள்” என்றேன்.

வேலை போகவில்லை. கடைசி எச்சரிக்கை கொடுத்து, கோட்டு வாங்கி வைக்கும் அறைக்கு மாற்றினார்கள். மூன்று மாதம் கழித்து ஒரு காலையில் பார்த்தால் அட்டை மாறியிருந்தது. ‘கரடுமுரடான நகல்’ போய், ‘கண்டியக் கொல்லர்களின் நுட்பமான வேலை’ என்று வந்திருந்தது. கீழே நன்றி என்று ஒரு பேராசிரியரின் பெயர். நான் கொதித்துப்போய்க் கோட்டு அறைக்கு ஓடினேன். அண்ணை ஒரு நனைந்த ஓவர்கோட்டை உதறி மாட்டிக்கொண்டிருந்தார்.

“உங்க பேரைப் போடலியே அண்ணே?”

“என்ர பேர் என்னத்துக்கு? நானோ துவக்குச் செய்தனான்?” என்றார். “கண்டி எண்டதுக்கு எழுத்துப் பிழை விட்டிருக்கினம். அதைப் போய்ச் சொல்லும்.”

இந்த வசந்தத்தில் வேலையை விட்டுவிட்டு லண்டனின் கிழக்கு ஓரத்தில் பார்க்கிங் என்ற ஊரில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போய்விட்டார். நான் இருக்கும் டூட்டிங்கிலிருந்து அங்கே போக ஒன்றரை மணி நேரம், இரண்டு ரயில். ஒரு ஞாயிறு போனேன். உட்காரச் சொல்வதற்கு முன்பே தொடங்கிவிட்டார். மகள் மட்டன் ரோல் கொண்டுவந்து வைத்துவிட்டு, என்னை அனுதாபத்தோடு பார்த்துவிட்டுப் போனாள். மாலை கிளம்பும்போது ஸ்டேஷன் வரை வந்தார்.

“வாற ஞாயிறு வாரும். ஒஸ்திரியாக்காரன்ட படையைப் பற்றி இன்னும் ஒண்டும் சொல்லேல்ல.”

ஆஸ்திரியப் படையைப் பற்றி எனக்குத் துளிகூட அக்கறை கிடையாது. இனி எனக்கு ஞாயிறு ஷிப்ட் போட வேண்டாம் என்று ஆபீஸில் எழுதிக் கொடுத்துவிட்டேன்.