மேஜை மேல் ஒரு சொட்டு

நான் சொல்லப்போவதில் ஓர் எழுத்து பொய்யென்றாலும் என் பற்கள் உதிரட்டும். மீதியிருப்பது இரண்டுதான், இருந்தாலும் சத்தியம் சத்தியம்தான்.

கல்யாணமான புதிது. மாடியில் ஓர் அறை, ஒட்டினாற்போல் ஒரு சமையலறை. அந்தத் தெருவிலேயே முதல் ஃபிரிட்ஜ் எங்களுடையது. அது உறும ஆரம்பித்தால் கீழ்வீட்டுத் தையல்காரர் மெஷினை மிதிக்கவே வேண்டாம், தானாகத் தைக்கும். சாயங்காலமானால் அவரும் ஐஸ் கேட்டு மேலே வந்துவிடுவார். மூவரும் ஜன்னலோரம் உட்கார்ந்து ஐஸை வாயில் அதக்கிக்கொண்டு, பேச முடியாமல் சிரிப்போம். அந்தக் குளிர் இன்னும் என் நாக்கில் இருக்கிறது.

ஒரே ஒரு குறை. ராத்திரிப் பாத்திரத்தை நான்தான் கழுவ வேண்டுமென்று என் மனைவி பிடித்த பிடி.

எனக்கு அச்சகத்தில் பிழை திருத்தும் வேலை. ஒருநாள் பாடப்புத்தகம் ஒன்றைத் திருத்தும்போது கண்ணில் பட்டது: மிதக்கிற ஐஸ் உருகினால் தண்ணீர் மட்டம் ஏறாது. தண்ணீரில் அது அமுங்கியிருக்கிற பள்ளம் எவ்வளவோ, உருகியபின் அந்த அளவைத்தான் நிரப்பும். பாத்திரம் கழுவும் தொல்லை இன்றோடு தொலைந்தது என்று வீட்டுக்கு ஓடினேன்.

கண்ணாடி டம்ளரில் விளிம்பு வரை தண்ணீர். மேலே தலைநீட்டிக்கொண்டு ஐஸ்.

"இது உருகினா என்ன ஆகும்?"

"வழியும்," என்றார் தையல்காரர்.

"வழியாது. மேஜை மேல ஒரு சொட்டுத் தண்ணி இருந்தா, ஆயுசுக்கும் பாத்திரம் நான் கழுவறேன். இல்லேன்னா அந்தப் பேச்சையே இவ எடுக்கக் கூடாது."

அவள் டம்ளரைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"ஒரு சொட்டுகூடவா?"

"ஒரு சொட்டுகூட."

"அண்ணே, நீங்கதான் சாட்சி. உருகி முடியற வரைக்கும் யாரும் தொடவும் கூடாது, துடைக்கவும் கூடாது," என்றாள்.

காத்திருந்தோம். ஐஸ் கரைந்து காணாமலே போயிற்று. தண்ணீர் விளிம்பிலேயே நின்றது. நான் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன்.

"மேல பாத்தது போதும். கொஞ்சம் கீழ பாருங்க," என்றாள்.

டம்ளர் வெளிப்பக்கமெல்லாம் வேர்த்து வடிந்து, மேஜையில் குட்டிக் குளமே கட்டியிருந்தது.

"இது உள்ளேருந்து வந்த தண்ணி இல்லைம்மா. காத்துல இருக்கிற ஈரம்."

"காத்துலேருந்து வந்தா, காத்தா வந்து துடைக்கும்?"

தையல்காரர் குனிந்து விரலால் தொட்டுப் பார்த்தார். "சொட்டுதான் தம்பி. நிறைய இருக்கு."

"உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"தினம் ஐஸ்தண்ணி குடிச்சிட்டு டம்ளரை அப்படியே வச்சிட்டுப் போறவருக்குத் தெரியாது. துடைக்கிறவளுக்குத் தெரியாதா?"

தையல்காரர் காலமாகிவிட்டார். அந்த ஃபிரிட்ஜும் உறுமி ஓய்ந்தது. நான் கழுவ, அவள் பக்கத்தில் நின்று துடைத்து அடுக்க, பேசிப் பேசியே வாழ்நாள் ஓடிவிட்டது. குறையொன்றும் இல்லை.

இதை நான் சொன்னதாக மட்டும் யாரிடமும் சொல்லிவிடாதீர்கள். ஆசைப்பட்டுத்தான் கழுவுகிறேன் என்று ஊரே நினைத்துக்கொண்டிருக்கிறது. அப்படிச் சொல்லி வைத்தவளும் அவள்தான்.