செவலையின் பிரசவமும் என் துணிக்கொடியும்

எனக்கு அவசர புத்தி. பேருந்து நிற்பதற்குள் இறங்குவேன், இட்லி வேகுமுன் மூடியைத் திறப்பேன். விழுந்ததும் சுட்டுக்கொண்டதும் நானே என்பதால் யாரும் பெரிதாகக் கண்டிக்கவில்லை. செவலை விஷயம் அப்படியல்ல.

செவலை என் மனைவி செல்வியின் பசு. அம்பகரத்தூரில் அவள் பிறந்த வீட்டிலிருந்து கன்றாக ஓட்டி வந்தது. (என்னைவிட அதனோடுதான் அதிகம் பேசுவாள்.) போலகத்தில் எங்கள் கொட்டகையில் அது இரண்டாம் ஈற்றுக்கு நிறைமாதமாக நின்றபோது, தங்கையின் வளைகாப்புக்கு அவள் ஊருக்குப் போக வேண்டியிருந்தது.

"தண்ணிக்குடம் உடைஞ்சா டாக்டருக்குப் போன் பண்ணுங்க. வேற ஒண்ணும் பண்ண வேணாம்."

"எனக்குத் தெரியாதா?" என்றேன். (பள்ளிக்கூட அலுவலகத்தில் கோப்பு கட்டுகிறவனுக்குத் தெரியாதது உண்டா?)

அவள் போன ஒரு மணி நேரத்தில் குடம் உடைந்தது. "அரை மணியில வந்துடுறேன். அதுவா முக்கிப் போடட்டும், கை வைக்காதீங்க" என்றார் மாட்டு டாக்டர். அதற்குள் இரண்டு குளம்புகள் எட்டிப் பார்த்தன. போனில் ஒரு வீடியோ தேடிப் பார்த்தேன். யாரோ கயிறு கட்டி இழுக்க, கன்று வழுக்கிக்கொண்டு வந்தது. ஆக்கப் பொறுத்தவனுக்கு ஆறப் பொறுக்கவில்லை. துணிக்கொடியை அவிழ்த்துக் குளம்புகளில் கட்டி, பக்கத்து வீட்டு முருகேசனையும் கூப்பிட்டு, தேர் வடம் பிடிப்பதுபோல் இழுத்தோம். செவலை கத்திய கத்தல் இன்னும் காதில் இருக்கிறது. கன்று வந்தது, உயிரோடு, கிடாரி. நான் சாணியில் மல்லாந்து கிடந்தேன்.

முகம்கூடக் கழுவாமல் செல்விக்குப் போட்டோ அனுப்பினேன். இனி நஞ்சுக்கொடி விழுந்ததும் வைக்கோலோடு சாக்கில் கட்டி ஆலமரத்தில் தொங்கவிட வேண்டும். (அப்போதுதான் பால் பெருகுமாம்.) சாக்கும் கையுமாகக் காத்திருந்தேன். கொடி விழவில்லை.

டாக்டர் கையுறை மாட்டிப் பார்த்தார். "கர்ப்பப்பை வாய் முழுசா தெறக்கறதுக்குள்ள இழுத்திருக்கீங்க சார். உள்ள கிழிஞ்சிருக்கு. கொடியும் தங்கிட்டா புண்ணு வைக்கும். அப்புறம் சினை புடிக்கறது கஷ்டம்."

சாயங்காலம் செல்வி வந்தாள். மாட்டைப் பார்த்தாள், என் கையிலிருந்த சாக்கைப் பார்த்தாள். "அது உங்களக் கூப்புட்டுச்சா?" என்றாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

மறுநாளும் கொடி விழவில்லை. காய்ச்சல், துர்நாற்றம், நாள் தவறாமல் ஊசி. செவலை பருவத்துக்கு வரவே பல மாதம் ஆனது. சினை ஊசி போட்டோம், நிற்கவில்லை. மறுபடி போட்டோம், நிற்கவில்லை. ஐந்தாவது முறையோடு டாக்டர் கையை விரித்துவிட்டார். ஒரு வாயில்லாப் பிராணியை நான் கெடுத்தேன். அதை வேறு எப்படிச் சொல்வது?

மாட்டு வியாபாரி வந்து கேட்டபோது செல்வி சொன்னாள்: "அது என்ன தப்பு பண்ணுச்சு? விக்கறதுன்னா இழுத்தவரத்தான் விக்கணும்."

இப்போது நான் எதற்கு அவசரப்பட்டாலும், "அப்பா, கயித்தக் கீழ போடுங்க" என்கிறாள் மகள். எல்லோரும் சிரிப்பார்கள், நானும்தான்.

அந்தக் கிடாரி போன மாதம் தலையீற்றுப் போட்டது. அன்று காலையிலேயே செல்வி என்னை அம்பகரத்தூர் பஸ்ஸில் ஏற்றிவிட்டாள். திரும்பி வந்தபோது ஆலமரத்தில் கொடி தொங்கியது. செவலை ஈன்ற நாளில் என் கையில் வெறுமையாக இருந்த அதே சாக்குதான்.

செவலை மட்டும், நான் வைக்கோலோடு போனால், இன்றும் பின்பக்கத்தைச் சுவரோடு ஒட்டிக்கொண்டு நிற்கிறது.