நான்காவது மூலை

மூன்று மூலைகளில் பூ முழுசாக விழுந்துவிட்டது. நான்காவதில் பாதிப் பூ.

மார்லிஸ் பூ வெட்டும் பஞ்சிங் மெஷினைக் கீழே வைத்துவிட்டு மணி பார்த்தாள். பத்து. பன்னிரண்டுக்கு அமெரிக்காவின் யூட்டா மாநில மூலைமுடுக்கிலிருந்தும் ஐடஹோவிலிருந்தும் நாற்பத்தொரு சொந்தக்காரர்கள் சர்ச் ஹாலில் கூடிவிடுவார்கள். எல்லாரும் வருவதே அவள் கையிலிருந்த இந்தப் பழைய போட்டோவைப் பார்க்கத்தான்.

மாமனார் லவெல் இறந்துபோய்ப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது. வீட்டில் பதினான்கு ஆல்பம் இருந்தும் ஒன்றில்கூட அவர் முகம் இல்லை. எப்போதும் அவர்தான் கேமராவுக்குப் பின்னால் நிற்பாராம். மாமியார் வெல்டா சொல்லிச் சொல்லி அது எல்லாருக்கும் மனப்பாடம். போன மாதம் ஒரு சித்தப்பா வீட்டு ஷூ டப்பாவில் இந்த ஒரு படம் அகப்பட்டது. நெகட்டிவ் கிடையாது. ஏரிக்கரையில் ஒன்பது பேர், வலது கோடியில் லவெல்.

வெல்டாவின் வீட்டில் தனித்தாளில் சட்டம் வெட்டிப் படத்தைச் சுற்றி ஒட்டுவது சோம்பேறிகள் வேலை. படத்தின் ஓரத்திலேயே பூ வடிவ ஓட்டை விழ வேண்டும், மூலைக்கு மூலை முழுப் பூவாக. வெல்டாவின் ஆல்பங்களில் ஒரு மூலை பிசகியதில்லை. சபைப் பெண்கள் பூதக்கண்ணாடி வைத்துத் தேடியும் தோற்றுப்போனார்கள். இந்த முறைதான் வேலை முதன்முதலாக மருமகள் கைக்கு வந்திருந்தது.

வலது ஓரத்தைக் கொஞ்சம் நறுக்கிவிட்டு மறுபடி பூப் போட்டாள். கீழ் மூலை சரியானது, மேல் மூலை கெட்டது. லவெலின் முழங்கையும் போனது. மேலே நறுக்கினாள், இரண்டு பேர் தொப்பியை இழந்தார்கள். இடது மூலை இளித்தது. அதைச் சரிசெய்ததில் பெரிய நாத்தனார் ஆர்டித் முழுசாகக் காலி. மறுபடி வலது பக்கம்.

விருந்துக்கான கேரட் போட்ட பச்சை ஜெல்லியைத் தூக்கிக்கொண்டு போன கணவன் ரெக்ஸ் எட்டிப் பார்த்தான்.

"அப்பாவோட காது எங்கே?"

"மேஜைக்கு அடியில பாருங்க."

அவன் தவழ்ந்து தேடி எடுத்து வந்தான். காது பூ வடிவத்தில் இருந்தது. ஒட்டிப் பார்க்கலாமா என்று கேட்டான். அவள் முறைத்த முறைப்பில் ஜெல்லியோடு வெளியே போய்விட்டான்.

பதினொன்றரைக்கு நான்கு மூலையிலும் முழுப் பூ. அழகென்றால் அழகு. படம்தான் தீப்பெட்டி அளவுக்கு வந்திருந்தது. அதில் வெல்டா மட்டும் சிரித்துக்கொண்டிருந்தார். அவர் தோளில் ஒரு கை இருந்தது, கைக்குச் சொந்தக்காரர் இல்லை.

அந்த நேரம் பார்த்து வெல்டாவே உள்ளே வந்தார். மார்லிஸுக்கு நாற்பத்தொரு பேர் முன்னால் இனி எந்த முகத்தோடு நிற்பது என்று அழுகை முட்டியது.

"அத்தை, மாமாவை வெட்டிட்டேன்."

வெல்டா படத்தை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார். ஒவ்வொரு மூலையாக விரலால் தடவிப் பார்த்தார். அந்தக் கையையும் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து, மெஷினை எடுத்து ஒரே அழுத்து அழுத்தினார். பூவோடு பூவாகக் கையும் போயிற்று.

"கேமராவுக்குப் பின்னாடி இருந்தார்னு சொல்லிடு," என்றார். "பதினாலு ஆல்பத்துக்கும் நான் அதைத்தானே சொன்னேன்."