அரண்மனை ஏற ஒரு லொறி

லொறி டயரை ஓங்கி உதைத்த சசி, கால் கட்டைவிரல் வலியை ஆழ்ந்த யோசனையாக மாற்றிக்கொண்டு, “ம்ம்ம்” என்றான்.

றக்வான தோட்டத்து நாடகக் குழுவில் சசி வில்லன். இன்றைக்கு மெக்கானிக் வேஷம். வேஷம் கொடுத்தவர் குழுத் தலைவரும் நிரந்தர ராஜாவுமான இருளப்பன். போன வருஷம் இரத்தினபுரிப் போட்டிக்கு அரண்மனை செட்டை பஸ் கூரையில் கட்டிக் கொண்டுபோனார்கள். மழையில் அரண்மனை கரைந்துபோக, ராஜா வெறும் சாக்குப் படுதாவுக்கு முன்னால் நின்று கர்ஜித்தார். சபை சிரித்த சிரிப்பு அவர் காதை விட்டு இன்னும் போகவில்லை. வரும் ஞாயிறு மறுபடியும் போட்டி. அதனால்தான் தோட்டமே சேர்த்துக் கொடுத்த காசோடு, பழைய லொறி பார்க்க வரக்காப்பொலைக்கு வந்திருந்தார்கள்.

“லொறி தெரிஞ்ச ஆளு ஒருத்தரக் கூட்டிட்டுப் போவோங்க” என்று இருளப்பனின் மனைவி கிருஷ்ணகுமாரி கிளம்பும்போதே சொல்லித்தான் பார்த்தாள்.

“லொறி தெரியாட்டி என்ன? நடிக்கத் தெரியும்ல! நம்மள எவன் ஏமாத்துவான்?” என்றார் ராஜா.

லொறிக்காரர் லாபிர் பணிவாகச் சாவியை நீட்டினார். “மெக்கானிக் பாஸ் பெரிய வேலைக்காரர்தான். ஒருக்கா ஓட்டிப் பாருங்கோ.”

சசிக்குச் சைக்கிளே சரியாக வராது. “ஐயோ, இடுப்பு!” என்று அப்படியே சாய்ந்தான். லாபிர் பதறிப்போய் உட்காரக் கதிரையும் தடவத் தைலமும் கொண்டுவந்தார்.

மெக்கானிக் படுத்துவிட்டதால் சோதனை இருளப்பன் தலையில் விழுந்தது. முன்பக்கத் தகட்டைத் தூக்கி, நெற்றியைச் சுருக்கி உள்ளே பார்த்தார்.

“எஞ்சின் ரொம்பச் சுத்தமா இருக்கு.”

“எஞ்சின் சீட்டுக்குக் கீழ இரிக்கி” என்றார் லாபிர், மரியாதையாக.

“தெரியும். நீங்க உண்மை பேசுறீங்களான்னு பார்த்தேன்.”

பின்னால் ஏறிப் பார்த்த கிருஷ்ணகுமாரி, “ஏங்க, பலகை இடுக்கெல்லாம் ஜிகினாத் தூளா கெடக்குதுங்க” என்றாள்.

“கலியாண வீட்டுச் சாமான் ஏத்தின லொறி, தங்கச்சி. ராசியானது” என்றார் லாபிர்.

அப்போது ஒரு மனிதர் ஓடிவந்து ஸ்டியரிங்கைக் கட்டிக்கொண்டார். “வித்துராதீங்கோ லாபிர் நானா! எங்கட வாப்பா ஓட்டின லொறி! நாளைக்கே காசு கொண்டு வாறன்!” கண்ணீர் தாடியை நனைத்தது.

இருளப்பன் மேடையில் அழுவதென்றால் உள்ளங்கையில் வெங்காயம் வேண்டும். ஆகவே அழுகையில் அவர் நிபுணர். இது நடிப்பில்லை என்று ஒரே பார்வையில் தெரிந்துவிட்டது. மனுஷன் இப்படி அழுகிறான் என்றால் லொறி தங்கமாகத்தான் இருக்க வேண்டும்! நாளை என்ன நாளை? மடியை அவிழ்த்துக் காசை அங்கேயே கொடுத்துவிட்டார்.

ஓட்ட ஆள் இல்லாததால், காமில் என்ற டிரைவரை லாபிரே கூட அனுப்பினார். முதல் ஏற்றத்தில் லொறி பெருமூச்சு விட்டது. இரண்டாவதில் நின்றுவிட்டது. எல்லோரும் இறங்கித் தள்ளினார்கள். இடுப்பு வலியை மறந்து சசியும் தள்ளினான். லொறி மட்டும் அசையவில்லை.

இருளப்பனுக்கு அழுகை வந்தது. வெங்காயம் இல்லாமலே வந்தது. தோட்டத்துக்கு என்ன பதில் சொல்வது?

“பாவம், அந்த மனுஷன் வயித்தெரிச்சல்தாங்க” என்றாள் கிருஷ்ணகுமாரி.

இருளப்பன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். “அவருக்கே திருப்பிக் குடுத்துடுவோம். அப்பா ஓட்டுன லொறி, ஆசையா வாங்கிக்குவாரு.”

காமில் ஸ்டியரிங்கில் சாய்ந்தபடி சொன்னான்:

“ஸ்டியரிங்கக் கட்டிக்கொண்டு அழுத ரிப்கான் நானாவா? வாங்க மாட்டார் அண்ணே. உங்கட காசுல இப்ப நல்ல லொறி ஒண்டு எடுக்கப் போயிருப்பார். ஞாயித்துக்கிழம போட்டிக்கு எங்கட நாடக செட்டும் இரத்தினபுரிக்குப் போகணுமே!”