அருமை என்ற சொல்லும் ஆறாத நெற்றியும்

உத்தரம் மடாரென்று நெற்றியில் இடித்தது.

"மன்னிக்கணும்" என்றார் நெவில், உத்தரத்திடம்.

'முயலும் மணியும்' விடுதிக்கு நானூறு வயது. ராஜாவே தலை குனிந்து நுழைந்த வாசல் என்று பெருமை பேசுவார்கள். நெவில் வருடா வருடம் இடித்துக்கொண்டே நுழைவார்.

"இந்தத் தடவை சொல்லியே ஆகணும்" என்றார் மனைவி மியூரியல், சாப்பாட்டு மேசையில் உட்காரும்போதே. "இனிமே வர மாட்டோம்னு. இல்லேன்னா கிறிஸ்துமஸுக்கு நான் அக்காவோட ஸ்பெயின் போறேன். நீ இங்கயே தனியா உக்காந்து கிட்னி தின்னு!"

நெவில் திடுக்கிட்டார். மியூரியல் இல்லாத கிறிஸ்துமஸா?

"சொல்றேன், சொல்றேன். பக்குவமா சொல்லணும்ல?"

மாட்டுக் கிட்னியை மாவுக்குள் பொதிந்து சுட்ட 'பை' என்ற பலகாரம் வந்தது. பின்னாலேயே விடுதிக்காரம்மா மிஸஸ் விங்கட்டும் வந்து நின்றார்.

"எப்படி இருக்கு சார்?"

நனைந்த செருப்பை மெல்லுவது போல இருந்தது. நெவில் வாயைத் திறந்தார்.

"அருமை!"

பாவம், அவர் மேல் குற்றமில்லை. அந்த ஊரில் தன் காலை மிதித்தவனிடம்கூட 'அருமை' என்றுதான் சொல்வார்கள்.

"அப்ப இன்னும் கொஞ்சம் வைக்கிறேன்!"

மேசைக்கடியில் மியூரியல் ஓர் உதை விட்டார். நெவில் ஒரு துண்டை ரகசியமாக விடுதி நாயிடம் நீட்டினார். நாய் முகர்ந்து பார்த்தது, அவரைப் பரிதாபமாகப் பார்த்தது, அடுத்த மேசைக்குப் போய்ப் படுத்துக்கொண்டது. வேறு வழியில்லாமல் மிச்சத்தைக் கைக்குட்டையில் சுருட்டிக் கோட்டுப் பைக்குள் தள்ளினார். தட்டு காலியானதைப் பார்த்து மிஸஸ் விங்கட் மூன்றாவது முறையும் கொண்டுவந்தார்.

"இவளுக்குத்தான் இது உயிர்" என்று நெவில் மனைவியைக் காட்டினார். மியூரியல் பார்த்த பார்வையில் மெழுகுவத்தி அணையாதது ஆச்சரியம்.

மறுநாள் காலை, கிளம்பும் நேரம். மியூரியல் அவர் முழங்கையை நறுக்கென்று கிள்ளினார்.

"மிஸஸ் விங்கட்... அடுத்த வருஷம் நாங்க..."

அந்த அம்மாளின் முகம் விளக்குப் போட்டது போல மலர்ந்தது. நெவிலின் தைரியம் அப்படியே கரைந்துவிட்டது.

"...அதே அறைல தங்கிக்கிறோம்."

"அப்படியா!" மிஸஸ் விங்கட் எச்சில் விழுங்கினார். "கிறிஸ்துமஸுக்கும் அறை ஒதுக்கி வைக்கட்டுமா? வேண்டாம்னா சொல்லிடுங்க, நான் தப்பாவே நினைக்க மாட்டேன்."

"அருமை!"

மிஸஸ் விங்கட்டின் கண்கள் நிறைந்துவிட்டன. முகத்தை ஏப்ரனில் பொத்திக்கொண்டு சமையலறைக்குள் ஓடினார்.

"பாத்தியா? சந்தோஷத்துல அழுறாங்க" என்றார் நெவில். "இந்த மனசை எப்படி நோகடிக்கிறது?"

மியூரியல் அக்காவுக்குப் போன் போட்டார்.

பெட்டியைக் காரில் ஏற்ற வந்த பரிமாறும் பெண் டாட்டி கொல்லென்று சிரித்தாள்.

"சந்தோஷமா? நல்லாச் சொன்னீங்க, சார்! கடைய மூடிட்டு ஸ்பெயின்ல போய்க் குடியிருக்கணும்னு அந்தம்மா வருஷக்கணக்கா தவிக்குது. ஆசையா வர்ற உங்க ரெண்டு பேர்கிட்ட சொல்லத்தான் வாய் வர மாட்டேங்குதாம்!"