ஆறு மணி போன்

காலை ஆறு மணிக்குப் போன் அடித்தது. ஹெப்சி போர்வையைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டாள்.

"உனக்குத்தான்," என்றான் எலியாஸ்.

"ராத்திரி பூரா தூக்கமே இல்லைங்க. இன்னிக்கி ஒரு நாள் நீங்க பேசிடுங்க."

வேலூர் ஆஸ்பத்திரி நர்ஸ் ரெனிட்டாவின் போன் அது. ஆம்பூரிலிருந்து வாரம் மூன்று நாள் பஸ் ஏறிப்போய் உடற்பயிற்சி செய்ய முடியாது என்பதால் போனிலேயே சொல்லித்தர ஏற்பாடு. ஹெப்சிக்கு நான்காவது மாதம். எடை தொண்ணூற்றிரண்டு கிலோ. டாக்டர் கறாராகச் சொல்லியிருந்தார். பிரசவம் வரைக்கும் ஏழு கிலோவுக்கு மேல் ஏறக்கூடாது. ஏறினால் சர்க்கரையும் ஏறும். குழந்தைக்கு ஆபத்து. ஏழாம் மாதமே வார்டில் படுக்க வேண்டியிருக்கும். கல்யாணமாகிப் பதினோரு வருஷம் கழித்து வந்த குழந்தை.

"நீங்களும் கொஞ்சம் நடக்கலாம்," என்று டாக்டர் எலியாஸின் வயிற்றையும் பார்த்துச் சொல்லியிருந்தார்.

"எனக்கா டாக்டர் பிரசவம்?" என்று எலியாஸ் சிரித்திருந்தான்.

"மேடம் ரெடியா சார்?" என்றது போன்.

"ரெடி ஆயிட்டிருக்கா சிஸ்டர்."

"போனைத் தரையில வச்சிடுங்க. நின்ன எடத்துலயே பத்து நிமிஷம் நடக்கச் சொல்லுங்க. எனக்குக் கால் சத்தம் கேட்டாப் போதும்."

எலியாஸ் கட்டிலைப் பார்த்தான். போர்வைக்குள்ளிருந்து குறட்டை வந்தது. ரிசீவரைத் தரையில் வைத்தான். லுங்கியை மடித்துக் கட்டினான். நடந்தான்.

பத்து நிமிஷம் கழித்து அவனால் பேச முடியவில்லை.

"நீங்க ஏன் சார் மூச்சு வாங்குறீங்க?"

"கூட நின்னு... எண்ணினேன்."

"நல்லது. ஆனா மேடம் காலடி ரொம்ப கனமா விழுது. முட்டிக்கு ஆகாது. மெதுவா வைக்கச் சொல்லுங்க."

எலியாஸ் ஷூ கம்பெனியில் செக்கிங் சூப்பர்வைசர். பதினெட்டு வருஷமாக நாற்காலியில் உட்கார்ந்து ஷூக்களைத் திருப்பிப் பார்ப்பவன். பேன்ட் பெல்ட்டில் இருந்த ஓட்டைகள் தீர்ந்துபோய், கம்பெனிப் பஞ்ச்சில் புதிதாக இரண்டு போட்டுக்கொண்டவன்.

அடுத்த முறையும் ஹெப்சி எழவில்லை. எலியாஸ் பூனைபோல நடந்தான்.

"மேடம் உக்காந்துட்டாங்களா சார்? சத்தமே காணோம்."

அன்று கம்பெனியிலிருந்து ஒரு ரிஜெக்ட் ஜோடியைக் கேட்டு வாங்கி வந்தான். லேடீஸ் ஷூ, முப்பத்தொன்பதாம் நம்பர். காலில் நுழையவில்லை. கைகளில் நுழைந்தது. வெள்ளிக்கிழமை காலை குந்தி உட்கார்ந்து, ஷூ மாட்டிய கைகளால் தரையில் தட்டினான். சத்தத்தை வைத்தே ஹீல் மரமா ரப்பரா என்று சொல்லக்கூடியவன். இது பெண் நடை. அவன் காதே பாஸ் பண்ணியது.

"இப்பதான் சார் நடை நடையா இருக்கு," என்றாள் ரெனிட்டா. "ஆனா மூச்சு சத்தம் கேக்கலியே. கொஞ்சம் மூச்சு வாங்கணும். இருபது நிமிஷமா ஏத்திடலாம். முட்டியை இடுப்பு வரைக்கும் தூக்கச் சொல்லுங்க."

கைகளால் தரையில் தட்டி, எழுந்து, முட்டியைத் தூக்கி, மறுபடி குந்தினான். இருபது நிமிஷம்.

மூன்றாவது வாரம் கீழ்வீட்டு முனீர் அகமது கதவைத் தட்டினார். வீடு அவருடையது. எலியாஸ் அவசரத்தில் ஷூ கையோடு கதவைத் திறந்தான்.

"காலங்காத்தால மேல இன்னா சார் நடக்குது? கீழ டியூப்லைட் ஆடுது. ஒரே பேஜாரா இருக்கு." பிறகு அவன் கைகளைப் பார்த்தார். "இன்னா இது?"

"செக்கிங், பாய்."

"வீட்லயுமா?"

"எக்ஸ்போர்ட் ஆர்டர்."

"ஜாஸ்தி வேலை வாங்குறானுங்க," என்றார் முனீர் அகமது வருத்தமாக. "மொட்டை மாடில வச்சி செக் பண்ணுங்களேன். காத்தாவது வரும்."

எலியாஸ் முப்பது அடி ஒயர் வாங்கினான். போனைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறினான்.

"படி ஏறுற சத்தமா சார்?"

எலியாஸ் பதில் தேடுவதற்குள் ரெனிட்டா சொன்னாள். "ரொம்ப நல்லது. ஒவ்வொரு தடவையும் அஞ்சு முறை ஏறி எறங்கச் சொல்லுங்க."

காலை டிபனுக்கு உட்காரும்போது ஹெப்சி கேட்பாள். "போன் வந்துச்சா?"

"வந்துச்சு."

"சிஸ்டர் இன்னா சொன்னாங்க?"

"படி ஏறணுமாம். ஹெப்சி, அடுத்த தடவையாவது நீ எந்திரிக்கணும். விளையாட்டு இல்ல இது."

"அடுத்த தடவை கண்டிப்பா. சட்னி வைக்கட்டா?"

அவள் டீச்சர். பள்ளி விட்டதும் வந்துகொண்டிருந்தவள் இப்போதெல்லாம் ஐந்தரைக்கு வேர்த்து விறுவிறுத்து வந்தாள். ஸ்பெஷல் கிளாஸ் என்றாள். அடுத்த தடவையும் காலையில் எழவில்லை.

எலியாஸின் பெல்ட் ஒரு ஓட்டை உள்ளே போனது. பிறகு இன்னொன்று. போகப்போக அவனுக்குப் பயம் வந்தது. இங்கே குறைகிற ஒவ்வொரு கிலோவும் நேராக ஹெப்சியின் மேல் போய் ஏறுவதாகத் தோன்றியது. சர்ச்சில் அவன் கண்ணை மூடினால் எடை மெஷின்தான் தெரிந்தது.

ஏழாம் மாதம் வேலூருக்குப் போனார்கள். மாற்றுப் புடவை நாலு, பிளாஸ்க், சோப்பு டப்பா எல்லாம் பையில் இருந்தன. வார்டில் சேர்க்காமல் விடமாட்டார்கள் என்று எலியாஸுக்குத் தெரியும்.

ரெனிட்டா சின்ன உருவம். போனில் கேட்டதில் பாதிதான் இருந்தாள். எடை மெஷினில் ஏறப்போன ஹெப்சியை எலியாஸ் கையால் தடுத்தான்.

"சிஸ்டர், ஒரு விஷயம். இவ ஒரு நாள்கூட எந்திரிக்கலை. எல்லாம் நான்தான் பண்ணேன். கையில ஷூ போட்டுக்கிட்டு."

ரெனிட்டா எழுதிக்கொண்டிருந்தாள். நிறுத்தவில்லை.

"எழுப்பியிருக்கணும். மனசு வரலை. தப்பு என் மேலதான். வார்டுல சேத்துக்குங்க. அவளைத் திட்டாதீங்க. குழந்தைக்கு ஒண்ணும் ஆகாதில்ல?"

ஹெப்சி அவனைப் பார்த்தாள். அவன் கையை மெதுவாக விலக்கிவிட்டு ஏறினாள். முள் தொண்ணூற்றாறில் நின்றது.

"நாலு கிலோதான் ஏறியிருக்கு," என்றாள் ரெனிட்டா. "சர்க்கரையும் சரியா இருக்கு. குழந்தை நல்லா இருக்கு. வீட்டுக்குப் போலாம்."

எலியாஸ் குனிந்து முள்ளைப் பார்த்தான். மெஷினைச் சுற்றி வந்து பின்பக்கமும் பார்த்தான். ரிஜெக்ட் பண்ணக் காரணம் எதுவும் கிடைக்கவில்லை.

"எப்படி?" என்றான்.

ஹெப்சி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியது.

ரெனிட்டா நோட்டில் புதுப் பக்கம் திருப்பினாள்.

"மேடத்துக்கு நாலு மணி போன் சார், அவங்க ஸ்கூலுக்கு. ஆறு மணி போன் உங்களுக்கு. செருப்பைக் கழட்டிட்டு ஏறுங்க."