தோல் மாற்றிய நாவலும் எழுந்து நின்ற முன்வரிசையும்

பினாங்கு, 14-3-1931

புக்கிட் மெர்தாஜாமில் ரயில்வே உத்தியோகம் பார்க்கும் அத்தான் வாசு அவர்களுக்கு மைத்துனன் வணக்கம். இங்கே என்னைத் தவிர எல்லோரும் சௌக்கியம்.

எங்கள் வாசிப்புச் சங்கத்தார் தலையில் வைத்துக் கொண்டாடும் ஓர் ஆங்கில நாவல் உண்டு. அதில் வெள்ளைத் தோட்டத் துரை தர்மாத்மா. அவருடைய கறுப்பு வேலைக்காரன் அநாதைப் பெண்ணின் நகைப்பெட்டியைத் திருடுகிறவன். நானூறு பக்கத்தில் ஒரு கறுப்பனுக்காவது நல்ல புத்தி வரக்கூடாதா? ஆசிரியர் முதலில் முகத்துக்கு வர்ணம் அடித்துவிட்டு அப்புறம்தான் மனசாட்சியை விசாரிக்கிறார். இதைச் சொன்னேன். சங்கத்து நாடகங்களில் மூன்று வருஷமாக எனக்கு ராட்சச வேஷமே கொடுத்துவரும் காரியதரிசி பழனியப்பன், "நீங்கதான் மாத்தி எழுதுங்களேன், வாத்தியாரே" என்று சிரித்தார். நாடகமாகவே எழுதினேன். துரை திருடன், வேலைக்காரன் உத்தமன். உத்தமன் சாகும்போது ஒருவராவது அழாவிட்டால் சங்கத்தை விட்டே விலகுவதாகச் சபதமும் செய்தேன்.

நேற்று மேடையேற்றினோம். சாப்பாட்டுக்கடை காஜா மொய்தீன்தான் வேலைக்காரன். துரை வேஷம் போட்ட நம் சங்கத்து ஜெயராஜ் முகத்தில் அரை டின் பவுடரும் தலையில் துரைத் தொப்பியுமாக மேடைக்கு வந்தார். வந்ததுதான் தாமதம், முன்வரிசையில் இருந்த கவர்மெண்டு குமாஸ்தாக்கள் அத்தனை பேரும் எழுந்து நின்றுவிட்டார்கள்!

"மறைக்குதுலா, உக்காருங்கண்ணே!" என்று பின்னாலிருந்து கூச்சல்.

"தொர நிக்கிறாருய்யா, நாம எப்படி உக்கார்றது?" என்றார் அந்தக் குமாஸ்தாக்களுக்குத் தலைவரான பெரிய கிராணி.

"அது நம்ம ஜெயராஜுண்ணே!"

"யாரா இருந்தா என்ன, தொப்பி இருக்குல்ல?"

துரை நகைப்பெட்டியைத் தூக்கினார். "தொர எடுத்தா ஏதாச்சும் காரணம் இருக்கும்" என்றார்கள். காஜா மொய்தீன் அதை மீட்டு அந்தப் பெண்ணிடம் கொடுக்கப் போனார். "டேய், வைடா பெட்டிய!" என்று ஒரு செருப்பு பறந்தது. அவர் துரையின் கத்தியால் குத்துப்பட்டு, பாடிக்கொண்டே செத்தார். கைதட்டினார்கள், ஒழிந்தானென்று.

"கதை நல்லாத்தான் இருக்கு. பவுடரை மட்டும் ஆள் மாத்திப் போட்டிருக்கலாம்" என்றார் பழனியப்பன். அங்கேயே ராஜினாமாவை எழுதி நீட்டினேன். இனி அந்தச் சங்கத்துப் படியை மிதிக்கமாட்டேன். உங்கள் ஊரில் மனிதர்கள் இருந்தால் இந்த நாடகத்துக்கு ஒரு மேடை பிடித்துக் கொடுங்கள்.

புஷ்பவள்ளி அக்காளுக்கு என் நமஸ்காரம், குழந்தைகளுக்கு ஆசி.

தங்கள்
ஆறுமுகப்பெருமாள்

பின்குறிப்பு: உறையை ஒட்டும்போது பழனியப்பன் வந்தார். கடைசி வரிசையில் வெள்ளைக்கார எஞ்சினீயர் ஒருவர் இருந்தாராம். தமிழில் ஒரு சொல்கூடத் தெரியாதவர், காஜா மொய்தீன் செத்தபோது கண்ணைத் துடைத்துக்கொண்டாராம். "தொரையே அழுதுட்டார், இனி எவன் கேப்பான்? அடுத்த சனிக்கிழமை மறுபடியும் போடுறோம்!" என்கிறார். ராஜினாமாவைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். மேடை தேட வேண்டாம். அந்த எஞ்சினீயர் நல்ல ரசிகர், அத்தான். முன்வரிசையில் நடு நாற்காலி அவருக்கென்று நானே சொல்லியனுப்பியிருக்கிறேன்.